நான் ஜெபித்த நாலாம் நம்பர் மெஷின்

தம்பி,

ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் வீட்டில் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்போம். இதில் அதைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று படிக்கும்போது உனக்கே தெரியும். நேரில் பேசலாம்தான். ஆனால் எனக்கு இரண்டாவது வார்த்தையிலேயே கோபம் வந்துவிடும், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று போனைத் தடவிக்கொண்டே எழுந்து போய்விடுவாய். நமக்குள் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் மனைவி படிக்கட்டும். நான் முதலில் கிறுக்கியதை உன் அம்மா ஏற்கெனவே படித்துவிட்டாள், இது அதன் நல்ல பிரதி. படித்து முடித்துத் துணி துவைக்கப் போய்விட்டாள். இன்று மாலையே பஸ் ஏறிப் படப்பையில் உன் வீட்டுக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நாளைக் காலை நீ ஷிப்டுக்குப் போவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் உன்னை மூப்பராக நிறுத்தப் போகிறார்கள். முப்பத்துநாலு வயதில் மூப்பர். நம் சபையில் தலை நரைக்காமல் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. போதகர் வீட்டுக்கு வந்து சொன்ன அன்று உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, காபியில் சர்க்கரை போடவே மறந்துவிட்டாள். போதகர் அதையும் குடித்துவிட்டு, "தேவ மனுஷனைப் பெத்திருக்கீங்க அய்யா. கம்பெனியிலயும் சாட்சியா நிக்கிறாரு. லைன்ல வேலை செய்யிற புள்ளைங்ககூட அவருகிட்ட ஜெபம் கேட்டு வருதாமே" என்றார். கேட்ட நான் பூரித்துப் போயிருக்க வேண்டும். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தேவ மனுஷன் என்று என்னையும் ஒரு காலத்தில் சொன்னார்கள். எந்த வாரத்தில் சொன்னார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிறு மதியம் நீ இங்கே சாப்பிட்டாயே, அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ சாதாரணமாகத்தான் பேச்சை எடுத்தாய். "டார்கெட்டை ஏத்திட்டாங்கப்பா. அந்தப் பிரஸ்ஸுல சென்சார் சும்மா சும்மா நிறுத்திடுது. மெயின்டனன்ஸ்ல சொல்லி பைபாஸ் பண்ணிட்டோம், இப்ப ஜம்முனு ஓடுது" என்றாய். உன் மனைவிக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன்: பிரஸ் என்பது தகட்டை அடித்து வளைக்கிற மெஷின், ஆபரேட்டரின் கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்காமல் நிறுத்துவதற்குத்தான் அந்தச் சென்சார். அதைப் பைபாஸ் செய்து வேலை செய்யாமல் ஆக்கினால், கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரஸ் இறங்கும்.

"கை உள்ள இருந்தா இன்னாடா ஆவும்?" என்று கேட்டேன். "இருக்காதுப்பா. புள்ளைங்க பழகிக்கிச்சுங்க" என்றாய். அத்தோடு விட்டிருந்தால்கூட நான் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "ஒரு பொண்ணு மட்டும் பயந்துகினே இருந்துச்சு. கோமதின்னு, கள்ளக்குறிச்சிப் பக்கம், ஹாஸ்டல்ல தங்கிகினு வருது. நிக்க மாட்டேன்னு அழுதுச்சு. நான் மெஷின் மேல கைய வெச்சு ஒரு ஜெபம் பண்ணேன்பா. இப்ப தைரியமா நிக்கிது." உன் அம்மா உடனே ஸ்தோத்திரம் என்றாள். காலையில் செக்லிஸ்டில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். "சென்சார் ஓகேன்னு டிக் அடிச்சு சைன் போடுவேன். எல்லா சூப்பர்வைசரும் அப்டித்தாம்பா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். சோறு பாதி தட்டிலேயே இருந்தது, நீ கவனிக்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூட இந்தக் கடிதம் எழுதும்வரை சொன்னதில்லை. ஒரகடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய நேரம். நான் வேலை செய்த பிரஸ் ஷாப்பின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. நான் அங்கே செட்டர். அச்சை மெஷினில் மாட்டி, ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஆபரேட்டர் கையில் ஒப்படைக்கிற ஆள். கார் சீட்டுக்கு அடியில் வரும் தகட்டுத் துண்டுகளை அடிக்கிற பழைய மெஷின்கள். அதில் சென்சார் எல்லாம் கிடையாது. இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் அடிக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் இடது பட்டனை அழுத்தி அதில் ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகிவிடுவோம். வலது கை பட்டனை அழுத்தும், சும்மா இருக்கிற இடது கை தகட்டை உள்ளே வைத்து வைத்து எடுக்கும். கட்டையைச் சீவிச் செருகுகிறவன் செட்டர். அதாவது நான்.

அந்த ஷாப்பில் எனக்கு இருந்த மரியாதையைச் சும்மா சொல்லக்கூடாது. ஜெபக்காரரு என்றுதான் பெயர். புது மெஷின் வந்தால் பசங்கள் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் வைப்பார்கள், வைத்து முடித்ததும் "ஜெபக்காரரே, நீயும் உன் பங்குக்கு ஒண்ணு பண்ணிட்டுப் போ" என்று கூப்பிடுவார்கள். நானும் பாக்கெட்டில் வைத்திருக்கும் எண்ணெயைத் தொட்டு மெஷினின் ஓரத்தில் ஒரு சிலுவை போட்டு ஜெபிப்பேன். எல்லா மெஷினிலும் குங்குமமும் இருக்கும், என் எண்ணெயும் இருக்கும். ஆனால் ஆயுத பூஜை அன்று பொரி கொடுத்தால் வாங்க மாட்டேன். ஏழுமலை என்று ஒரு ஆபரேட்டர், வடக்குப்பட்டுக்காரன், ஒவ்வொரு வருடமும் பொரியை என் முன்னால் நீட்டி, "வாங்க மாட்ட, தெரியும். இருந்தாலும் கேக்கணும் இல்ல" என்று சிரிப்பான். குடிக்க மாட்டேன், சினிமா பார்க்க மாட்டேன், வெள்ளிக்கிழமை உபவாசம், விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொட மாட்டேன். அவ்வளவு சுத்தம் உன் அப்பன். ஒரு பிடி பொரியைத் தொடக் கூசிய அதே கையால்தான் தினமும் காலையில் அந்தக் கட்டையைச் செருகிக்கொண்டிருந்தேன். அது கூசவில்லை. தொழில் என்று நினைத்தேன்.

ஒரு நாள் நாலாம் நம்பர் மெஷின் யாரும் தொடாமலே தானாக ஒரு அடி அடித்தது. நின்றிருந்த பையன் அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தான். அவன் வெளுத்துப்போய் நகர்ந்துவிட்டான், அதற்குப் பிறகு யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. கட்டையை எடுத்துவிட்டு, ரிப்பேர் பார்த்துவிட்டு ஓட்டியிருந்தால் கதை முடிந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரிப்பேருக்கு ஆள் வர ஒரு வாரம் ஆகும். நீங்க ஒரு ஜெபம் பண்ணிடுங்க. நீங்க பண்ணா பசங்க நிப்பாங்க" என்றார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. என் மேல் பசங்களுக்கு இருந்த நம்பிக்கை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கோ பெருமை பிடிபடவில்லை. பெரிய மனிதர் நம் தேவனை மதித்துக் கேட்கிறாரே என்று நெஞ்சு நிமிர்ந்தது. எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, நாலாம் நம்பர் மேல் கையை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தேன் தம்பி. நடிக்கவில்லை, உண்மையான கண்ணீர். ஜெபித்துக்கொண்டிருந்த என் கைக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கட்டை செருகியபடியே இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆமென் சொன்னதும் ஏழுமலைதான் முதலில் வந்தான். "அண்ணா கை வெச்ச மெஷின்ல எனக்கு இன்னா பயம்" என்று சொல்லிக்கொண்டே போய் நின்றான்.

நாலாவது நாள், டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால். நான் அடுத்த வரிசையில் இருந்தேன். அடிக்கிற சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு யாரோ கத்தினார்கள். கத்தியது ஏழுமலை இல்லை, அவன் சத்தமே போடாமல் நின்றுகொண்டிருந்தான். இடது கையில் கட்டை விரல் மட்டும் மிச்சம். அவனை வேனில் ஏற்றினார்கள். நான் ஏறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரும் வேன் பக்கம் ஓடிய நேரத்தில் நாலாம் நம்பருக்குப் போய், இடது பட்டனில் இருந்த கட்டையைப் பிடுங்கி என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அது எண்ணெய்ப் பாட்டில் இருந்த பாக்கெட். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது பட்டன் இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன என்றும் ஆபரேட்டர் அவசரப்பட்டுக் கையை விட்டுவிட்டார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "இவரு பொய் சொல்ல மாட்டாரு சார்" என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சொன்னார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். பெரிய பழி என் மேல் வர இருந்தது, கர்த்தர் என்னைத் தப்புவித்தார் என்று சொன்னேன். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. பழைய போதகர் என் தோளில் கை போட்டு, இவர் தேவ மனுஷன் என்றார். அந்த வாரத்தில்தான் சொன்னார். எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. ஏழுமலை இப்போது வல்லம் வடகாலில் லாரிகள் நிற்கிற இடத்தில் கேட் திறந்துவிடுகிற வேலையில் இருக்கிறான். இடது கையை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருப்பான். வழியில் பார்த்தால், "நல்லா கீறியாண்ணா" என்று அவன்தான் முதலில் கேட்பான். ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் கேட்டான்: "அண்ணா, தப்பா நெனச்சிக்காத. அன்னிக்கு நீ ஜெபம் பண்ணும்போது அந்தக் கட்டை இருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?" தெரியாது ஏழுமலை என்றேன். வேறொரு செட்டர் வைத்திருப்பான் என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவன், "சரிண்ணா" என்று பஸ் வரும் திசையைப் பார்த்தான்.

நேற்று அவனைத் தேடிக்கொண்டு போனேன். போன ஞாயிறிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கட்டை, பாக்கெட், கையெழுத்து எல்லாம். அவன் திட்டுவான், அடிப்பான், இல்லையென்றால் அழுது மன்னிப்பான் என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் ஒரு லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு வந்து சொன்னான்: "உனக்குத் தெரியும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. கண்ண மூடிகினுதான ஜெபம் பண்ண, நடுவுல ஒரு வாட்டி கண்ணத் தொறந்து அந்தக் கட்டையப் பாத்த. நான் உன்னத்தான் பாத்துகினு இருந்தேன். பாத்துட்டும் ஜெபம் பண்றாரே, அப்ப சாமி கிட்ட இன்னாவோ கேட்டு வாங்கிட்டாருன்னு நெனச்சேன்." அடுத்த லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு அவனே கேட்டான்: "உன் புள்ள இப்போ சூப்பர்வைசராமே. அதுவும் ஜெபம் பண்ணுதா?"

தம்பி, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தேவ மனுஷன் என்றால் யார் என்று இத்தனை வருட வேதபாடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஜெபிக்கிறவன், கொடுக்கிறவன், குடிக்காதவன், பெண்டாட்டியை அடிக்காதவன். எல்லாம் சரிதான், நான் எல்லாவற்றிலும் தேறியவன். கடவுளுக்குப் பயப்படுகிறவன் என்று ஒன்று சொல்வார்களே, அதில் மட்டும் நான் தோற்றேன். அன்றைக்கு நான் மேனேஜருக்குப் பயந்தேன், அதிகாரிக்குப் பயந்தேன், வேலை போய்விடும் என்று பயந்தேன். கடவுளுக்கு மட்டும் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. அவர் நம்ம ஆள், பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். நான் சரிசெய்ய வேண்டிய பட்டனை அவர் தலையில் கட்டினேன். நான் ஜெபிக்காதவனாக இருந்திருந்தால் ஏழுமலை அந்த மெஷினில் நின்றிருக்கவே மாட்டான். அவனுக்கு இருந்த பயம்தான் அவன் கையைக் காப்பாற்றியிருக்கும். அந்தப் பயத்தை அவனிடமிருந்து எடுத்தது நான்.

கோமதி அழுதாள் என்றாயே. சரியாகத்தான் அழுதிருக்கிறாள். அந்த லைனில் புத்தியுள்ளது அவள் ஒருத்திதான். நீ அவள் பயத்தை எடுத்துவிட்டு, ஆபத்தை அப்படியே வைத்திருக்கிறாய். அவளைப் பெற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் நல்லவர், ஜெபம் பண்ணுகிறவர் என்று அவள் போனில் சொல்லியிருப்பாள், அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். இந்த மாதம் முழுவதும் உனக்கு ஏ ஷிப்ட். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டரை வரை நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி, எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன். உன் கம்பெனிப் பக்கம் திரும்பவில்லை என்றால்தான் மூச்சு வருகிறது, போகிற வழியில் வேறு யாரோ கிடக்கிறார்களே என்றுகூட அப்போது தோன்றுவதில்லை. உன் அம்மா எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்கிறாள்.

நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. செக்லிஸ்டில் சென்சார் வேலை செய்யவில்லை என்று எழுது. எழுதிவிட்டு அந்த மெஷினை நிறுத்து. வேலை போனால் போகட்டும் என்று நான் சுலபமாகச் சொல்ல மாட்டேன், உனக்குக் குழந்தை இருக்கிறது, மேனேஜர் கத்துவார், மற்ற சூப்பர்வைசர்கள் உன்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். உண்மையிலேயே வேலை போகலாம். போனால் இங்கே வந்து இருங்கள், இரண்டு அறை இருக்கிறது. நாளைக்கே செய். நாளைக்குச் செய்தாயா என்று நான் போன் போட்டுக் கேட்க மாட்டேன். "சரி பண்ணிட்டேன்பா" என்று போனில் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கேட்பேன். உன்னை முன்னால் நிறுத்திக் கை வைப்பதற்கு முன் போதகர் சபையைப் பார்த்து, இவரை மூப்பராக ஏற்க யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார். எப்போதும் கேட்பதுதான். நான் பார்த்தவரை யாரும் எழுந்ததில்லை, ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், அவர் இரண்டு நொடி விட்டு மேலே போவார். இந்த முறை நான் எழுந்து நிற்பேன். முதலில் என் கதையைச் சொல்வேன், அதே சபையில் பொய்ச் சாட்சி சொன்னவன் அங்கேயே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழுமலையை வரச் சொல்லியிருக்கிறேன், வருவானா தெரியாது. நான் என் கதையைச் சொல்வதை நீ தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சொல்லி முடித்ததும் உன் முகத்தைப் பார்ப்பேன். அந்த மெஷினைச் சரிசெய்துவிட்டாய் என்றால் தலையை ஆட்டு, நான் உட்கார்ந்துவிடுகிறேன். ஆட்டவில்லை என்றால் உட்கார மாட்டேன், கோமதியைப் பற்றியும் சொல்வேன். உன் பெண்டாட்டி, மாமனார் வீட்டார் எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

சரிசெய்யாமலே நீ தலையை ஆட்டினாலும் நான் உட்கார்ந்துவிடுவேன் தம்பி. போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை, கேட்டில் என்னை உள்ளே விட மாட்டார்கள். ஏழுமலை என்னை நம்பியதுபோல நானும் உன்னை நம்பித்தான் உட்காருவேன். போதகர் உன் தலையில் கை வைப்பார், சபை ஆமென் சொல்லும். திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் மெஷினுக்கு முன்னால் வந்து நிற்பாள்.

அப்பா